மேலே மீன்... கீழே உயிர்!

உங்க வீட்டு வாசல்ல தரைக்குள்ள ஒரு சம்ப் இருக்கும். மொட்டை மாடியில ஒரு டேங்க் இருக்கும். நடுவுல ஒரு மோட்டார். ‘தண்ணி வழியுது, மோட்டாரை ஆஃப் பண்ணு’னு அம்மா போடுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். இந்த மூணும் தெரியும்னா, கடல் மீன் தொட்டியோட பாதி இன்ஜினீயரிங் உங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி!

மீதி பாதியிலதான் வில்லங்கம். வீட்டு டேங்க்ல குழாயைத் திறந்தாதான் தண்ணி இறங்கும். மீன் தொட்டியில தண்ணி இருபத்துநாலு மணி நேரமும் கீழே இறங்கிக்கிட்டே இருக்கும். பம்ப் அதை மேலே ஏத்திக்கிட்டே இருக்கும். இது ஒரு நிமிஷம் நின்னா என்ன ஆகும்? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம தொட்டி வாங்கறவங்க, மீனையும் பறிகொடுக்கிறாங்க, தரையையும் நனைக்கிறாங்க.

கடலூர், சிதம்பரம் பக்கம் படிக்கிறவங்களுக்கு இந்த ஆசை வர்றது ரொம்ப சகஜம். பஸ் ஏறினா தேவனாம்பட்டினம் கடல். இன்னொரு பஸ் ஏறினா பரங்கிப்பேட்டை. ‘நம்ம டிபார்ட்மென்ட்ல ஒரு பெரிய கடல் தொட்டி வெச்சா என்ன?’னு யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சா, அடுத்த நாளே வசூல் தொடங்கிடும். வசூல் பண்ணுங்க, தப்பில்ல. ஆனா கண்ணாடித் தொட்டிக்கு ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க.

பக்கத்துலயே ஒரு குருகுலம்

பரங்கிப்பேட்டையில வெள்ளாறு கடல்ல கலக்குற இடத்துல இருக்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் உயராய்வு மையம். ‘நீமோ’ படம் பார்த்து ஊரே கொஞ்சின கோமாளி மீன் இருக்கே, அதைத் தொட்டியிலேயே முட்டையிட வெச்சு, குஞ்சு பொரிக்க வெச்சு, வளர்த்துக் காட்டினவங்க இவங்க. அதுவும் பவளப்பாறைப் பக்கத்துத் தெளிந்த தண்ணியில இல்ல. வெள்ளாற்று முகத்துவாரத்துத் தண்ணியை வெச்சு!

இது ஏன் பெரிய விஷயம்? கடல் மீனுக்குத் தண்ணி மாறினா ஆகாது. நம்ம ஊர்லயோ ஐப்பசி, கார்த்திகை மழையில ஆத்துத் தண்ணி புரண்டு வந்து முகத்துவாரத்தோட உப்பைச் சட்டுனு குறைச்சிடும். அப்படிப்பட்ட தண்ணியை அடக்கி, வடிகட்டி, ஒரே நிலையில வெச்சாதான் கோமாளி மீன் குடும்பம் நடத்தும். மீன் வளர்க்கறதுன்னா முதல்ல தண்ணி வளர்க்கறது. அந்தத் தண்ணியை வளர்க்கிற இடம் மேலே தெரியற கண்ணாடித் தொட்டி இல்ல. கீழே மரக் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற சம்ப்தான்.

சம்ப்புக்குள்ள என்ன நடக்குது?

சம்ப்ங்கறது நாலு அறை வெச்ச இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலே தொட்டியோட ஓரத்துல பல் வெச்ச மாதிரி ஒரு தடுப்பு இருக்கும். அதைத் தாண்டி வழியற தண்ணி, பைப் வழியா முதல் அறைக்கு வரும். அங்கே ஒரு துணிப்பை அழுக்கைப் பிடிச்சுக்கும். இரண்டாவது அறையில புரோட்டீன் ஸ்கிம்மர். நுரையைக் கிளப்பி, மீன் கழிவை அழுகறதுக்கு முன்னாடியே வெளியே தள்ளுற மெஷின். நம்ம கடற்கரையில அலையோரம் பழுப்பு நுரை ஒதுங்குமே, அதே வித்தை. மூணாவது அறையில கடல்பாசி வளர்த்தா, அது நைட்ரேட்டை உரமா சாப்பிட்டுத் தண்ணியைச் சுத்தம் பண்ணும். கடைசி அறையில ரிடர்ன் பம்ப். சுத்தமான தண்ணி மறுபடி மேலே.

இதோட பெரிய மாடல் பார்க்கணும்னா பிச்சாவரம் போங்க. வெள்ளாத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த அலையாத்திக் காட்டுக்குள்ள, தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி, ரெண்டு தடவை இறங்குது. வேர்கள் வண்டலைப் பிடிச்சு வெச்சுக்குது, மரங்கள் சத்தை உறிஞ்சுக்குது. அங்கே ரிடர்ன் பம்ப் வேலை பார்க்கறது நிலா. அதுக்குக் கரன்ட் கட் கிடையாது. உங்க பம்ப்புக்கு உண்டு. அதனால கணக்கை அங்கேயிருந்து ஆரம்பிப்போம்.

முதல் கணக்கு: கரன்ட் போச்சு!

உங்க தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம்னு வெச்சுக்குங்க. தண்ணி 22 அங்குலம் வரைக்கும் நிக்குது. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக, மேலே மட்டும் சுமார் 620 லிட்டர்.

இப்போ கரன்ட் போகுது. பம்ப் நின்னுடுச்சு. தண்ணி எங்கே போகும்? மேலே ஏத்துற பைப்போட வாய் தண்ணிக்குள்ள 2 அங்குலம் முங்கியிருந்தா, பெட்ரோல் உறிஞ்சற டியூப் மாதிரி அதே பைப் தண்ணியைக் கீழே இழுக்க ஆரம்பிக்கும். வாய் வெளியே தெரிஞ்சு காத்து புகுற வரைக்கும் நிக்காது. அந்த 2 அங்குலம் எவ்வளவு தெரியுமா? 57 லிட்டர்!

வழியற தண்ணி விழுற பெட்டிக்குள்ள (1 அடி நீளம், அரை அடி அகலம்) அடியில ஓட்டை போட்டு, உள்ளே நிக்கிற குழாய் வைக்காம விட்டிருந்தா, அந்தப் பெட்டியும் காலியாகும். அது ஒரு 26 லிட்டர். பைப்புக்குள்ள நிக்கிற தண்ணியையும் சேர்த்தா மொத்தம் 85 லிட்டர் கீழே வரும்.

‘சின்னதா ஒரு சம்ப் போதும் பாஸ்’னு 3 அடிக்கு 1 அடி, 1 அடி உயரத்துல ஒண்ணு வாங்கினீங்கன்னா, அதோட மொத்தக் கொள்ளளவே 85 லிட்டர்தான். அதுல ஏற்கெனவே 50 லிட்டர் ஓடிக்கிட்டிருக்கும். மீதி 50 லிட்டர் உங்க தரையில! லிட்டருக்கு 35 கிராம் உப்புன்னு பார்த்தா, ஒண்ணே முக்கால் கிலோ உப்பு ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்துல கரைஞ்சு ஓடுது. இது நடக்கறது பெரும்பாலும் நீங்க தூங்கும்போதுதான்.

அதுக்குப் பதிலா 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னு சம்ப் போடுங்க. 85 லிட்டர் இறங்கினா அதுல 6 அங்குலம்தான் ஏறும். 10 அங்குலத்துல ஓட்டினா, கரன்ட் போனதும் 16. சம்ப் உயரம் 18. தரை தப்பிச்சுது.

இன்னும் எளிமையான வழி ஒண்ணு இருக்கு. பைப்போட வாயை அரை அங்குலம் மட்டும் முங்க விடுங்க. 57 லிட்டர் 14 லிட்டரா குறைஞ்சிடும். செலவு பத்து பைசா கிடையாது! சில பேர் பைப்புல தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன ஓட்டை போடுவாங்க, காத்து புகுந்து இழுப்பை நிறுத்த. நல்லதுதான். ஆனா பாசியோ உப்போ அடைச்சிடும். மாசம் ஒரு தடவை குச்சி விட்டுக் குத்தணும். திரும்பி வராம தடுக்கிற வால்வும் அப்படித்தான். ஒரு சின்னச் சங்கு நடுவுல மாட்டிக்கிட்டா கதை முடிஞ்சது. வால்வு இருக்கட்டும், ஆனா அதை நம்பிச் சம்ப்போட அளவைக் குறைக்காதீங்க.

இரண்டாவது கணக்கு: பைப் அடைச்சிடுச்சு!

இப்போ உல்டாவா யோசிங்க. கரன்ட் இருக்கு, பம்ப் ஓடுது, ஆனா கீழே இறங்குற பைப்ல ஏதோ அடைப்பு. பம்ப்புக்கு அது தெரியாது. கடைசி அறையில இருக்கிற தண்ணி அத்தனையையும் மேலே தள்ளிட்டுத்தான் ஓயும்.

அந்த அறை 1 அடிக்கு ஒன்றரை அடி, தண்ணி 10 அங்குலம்னா, இருக்கறது 35 லிட்டர். மேலே தொட்டியில தண்ணிக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவுல 2 அங்குலம் காலி. அது 57 லிட்டர் தாங்கும். 35 வந்தா 57-ல அடங்கிடும். பாஸ்! இதுவே ‘எதுக்கும் இருக்கட்டும்’னு கடைசி அறையை ரெண்டு மடங்கு பெருசாக்கியிருந்தா, 70 லிட்டர் ஏறி மேலேயிருந்து அருவி கொட்டும்.

ஆக, சம்ப் பெருசா இருக்கணும். ஆனா அதோட கடைசி அறை அளவோட இருக்கணும். இந்த ரெண்டு கணக்கையும் போட்டுப் பார்க்காம எந்தக் கடைக்காரர் சொல்ற அளவையும் வாங்காதீங்க. கூடவே, ஏத்துற பைப் 1 அங்குலம்னா இறக்குற பைப் ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். முடிஞ்சா அவசரத்துக்கு இரண்டாவதா ஒரு இறக்கு பைப்பும்.

டப்பாவுல போட்டிருக்கிற நம்பர்

அடுத்து பம்ப். சம்ப் வழியா ஒரு மணி நேரத்துக்குத் தொட்டித் தண்ணி மூணுலேர்ந்து அஞ்சு தடவை சுத்தினா போதும். நாலு தடவைன்னு வெச்சா மணிக்கு 2,500 லிட்டர். ‘கடல்னா அலை வேணாமா?’னு கேட்டா, அதுக்குத் தொட்டிக்குள்ள தனியா வேவ் மேக்கர் போட்டுக்கலாம். ரிடர்ன் பம்ப்பை வெச்சே புயல் கிளப்ப வேண்டாம்.

கடைக்குப் போய் ‘2,500 லிட்டர் பம்ப் கொடுங்க’ன்னா, டப்பாவுல அந்த நம்பர் போட்ட ஒண்ணைக் கொடுத்துடுவாங்க. வீட்ல மாட்டினா நூல் மாதிரி தண்ணி வரும். பம்ப் பொய் சொல்லலை. டப்பாவுல ரெண்டு நம்பர் இருக்கும். ஒண்ணு, அதிகபட்ச தண்ணி. உயரமே ஏத்தாம சும்மா கொட்டினா வர்றது. இன்னொண்ணு, அதிகபட்ச உயரம். அந்த உயரத்துல ஒரு சொட்டுகூட வராது. ரெண்டும் ஒரே நேரத்துல கிடைக்கவே கிடைக்காது. மூணு மீட்டர் உயரம், 4,000 லிட்டர்னு போட்ட பம்ப், ஒன்றரை மீட்டர்ல பாதியை ஒட்டித்தான் கொடுக்கும். சரியான விடை, டப்பாவுக்குள்ள இருக்கிற கிராஃப்ல இருக்கு.

உங்க உயரம் எவ்வளவு? ஸ்டாண்டு 30 அங்குலம், மேலே தண்ணி 22 அங்குலம், சம்ப்புல தண்ணி நிக்கிற 10 அங்குலத்தைக் கழிச்சா 42. அதாவது மூணரை அடி, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல. பைப்போட உரசலும் ஒவ்வொரு எல்போவும் தனியா வரி வசூலிக்கும். எல்லாம் சேர்த்து ஒன்றரை மீட்டர்னு போடுங்க. ‘ஒன்றரை மீட்டர்ல 2,500 லிட்டர்’ - இதுதான் கடையில நீங்க சொல்ல வேண்டிய வாக்கியம்.

மாட்டினதும் ஒரு டெஸ்ட். பைப் வாயில 10 லிட்டர் பக்கெட்டைப் பிடிங்க, செல்லுல ஸ்டாப் வாட்ச். பதினாலு, பதினைஞ்சு செகண்டுல நிரம்பினா மணிக்கு 2,500 லிட்டர். இருபத்தஞ்சு செகண்டு ஆச்சுன்னா, ரசீதைத் தேடுங்க!

இன்னொரு விஷயம். வீட்டு மோட்டார், வயலுக்குப் போடுற மோட்டார் எதையும் இங்கே கொண்டு வராதீங்க. இரும்பை உப்பு தின்னுடும். பித்தளை வால்வுலேர்ந்து செம்பு கரைஞ்சா இறால், சங்கு, கடல் சாமந்தி எல்லாம் காலி. ஏர் கூலருக்குள்ள போடுற பம்ப் மலிவுதான். ஆனா கடல் தண்ணியில மாசக்கணக்கா நிக்காம ஓட அதைச் செய்யலை. பிளாஸ்டிக் உடம்பு, பீங்கான் தண்டு, ‘கடல் நீருக்கு ஏற்றது’ங்கற உத்தரவாதம்... இது மூணும் இருந்தா வாங்கலாம்.

கரன்ட் பில்லும் கத்திரி வெயிலும்

ஒரே தண்ணியை ஏத்த ஒரு பம்ப் 40 வாட்ஸ் கேட்கும், இன்னொண்ணு 85 வாட்ஸ் கேட்கும். வாங்கும்போது 85 மலிவா இருக்கும். நாள் முழுக்க ஓட்டினா, ரெண்டு மாசத்துக்கு 40 வாட்ஸ் பம்ப் 58 யூனிட் சாப்பிடும். 85 வாட்ஸ் பம்ப் 122 யூனிட்! நம்ம ஊர்ல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு இலவசமா கிடைக்கிற 100 யூனிட்டை இந்த ஒரே பம்ப் முழுங்கி ஏப்பம் விட்டுடும். அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

தண்ணிக்குள்ள முங்கி ஓடுற பம்ப் சாப்பிடுற கரன்ட் எல்லாம் கடைசியில சூடாத்தான் மாறும். மேலேயும் கீழேயுமா 760 லிட்டர் தண்ணியில, 85 வாட்ஸோட சூடு வெளியே போகாம தங்கினா, ஒரு நாள்ல ரெண்டு டிகிரிக்கு மேல ஏறிடும். கத்திரி வெயில்ல கடலூர் கொதிக்கும்போது இது கூடுதல் அடுப்பு. சில்லர் வாங்கக் காசில்லைன்னா, சம்ப் மேல ஒரு சின்ன ஃபேன் வைங்க. மண்பானை தண்ணி எப்படிக் குளிருது? ஆவியாகி. அதே டெக்னிக்.

பொங்கல் லீவு டெஸ்ட்

ஆனா ஆவியானா தண்ணி குறையும். மேலே தொட்டியில மட்டம் குறையவே குறையாது. தடுப்பு வழியற உயரம்தான் அங்கே. குறையறது முழுக்க சம்ப்போட கடைசி அறையில. அந்த அறையில ஒரு அங்குலம்னா மூணரை லிட்டர். ஒரு நாளைக்கு 5 லிட்டர் ஆவியாகி, பம்ப் முங்கியிருக்க 4 அங்குலம் வேணும்னா, உங்க கையில இருக்கறது வெறும் நாலு நாள்.

பொங்கலுக்கு ஹாஸ்டலைப் பூட்டிட்டு அஞ்சு நாள் ஊருக்குப் போனா? அஞ்சாவது நாள் பம்ப் காத்தை உறிஞ்சும். திரும்பி வரும்போது பம்ப் எரிஞ்ச வாசனை வரும். அதனால, மிதவை வெச்சுத் தானா தண்ணி நிரப்புற அமைப்பு, இல்லைன்னா வாட்ச்மேன் அண்ணன்கிட்ட ஒரு கேன் தண்ணியும் ஒரு கோடு போட்ட ஸ்டிக்கரும். ஞாபகம் வெச்சுக்குங்க, ஊத்த வேண்டியது ஆர்.ஓ. நல்ல தண்ணி. ஆவியாகறது தண்ணி மட்டும்தான். உப்பு உள்ளேயே இருக்கு. மறுபடி கடல் தண்ணியையே ஊத்தினா, மீன் ஊறுகாய் ஆகிடும்.

புயல் ராத்திரி

2011 டிசம்பர் 30. ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறின நாள். மின்கம்பங்கள் சாய்ஞ்சு பல ஊர்கள்ல நாள்கணக்குல கரன்ட் இல்ல. அப்போ நீங்க ஸ்கூல் பையில டிபன் பாக்ஸ் சுமந்திருப்பீங்க. ஆனா வங்கக் கடல் உங்க தொட்டிக்காகக் காத்திருக்காது.

கரன்ட் போனா மீனுக்கு முதல்ல தட்டுப்படறது ஆக்ஸிஜன். 30 டிகிரியில நல்ல தண்ணி லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிச்சு வெச்சுக்கும். கடல் தண்ணி ஆறுக்குக் கொஞ்சம் மேலதான். கையிருப்பே கம்மி. பம்ப் நின்னா அதுவும் கரையும். பேட்டரியில ஓடுற காத்து பம்ப் ஒண்ணு எப்பவும் இருக்கணும். வீட்டு இன்வெர்ட்டர்ல 150 ஏ.ஹெச். பேட்டரி இருந்து, அதுல பாதியைப் பயன்படுத்தினா, 40 வாட்ஸ் பம்ப் பதினெட்டு மணி நேரம் வரைக்கும் ஓடும். 85 வாட்ஸ் அதுல பாதிகூட ஓடாது. வாட்ஸ் குறைஞ்ச பம்ப் ஏன் கொடுத்து வெச்ச வரம்னு இப்போ புரியுதா? நேரடியா பேட்டரியில ஓடுற டி.சி. பம்ப் கிடைச்சா இன்னும் நல்லது, வேகத்தையும் குறைச்சுக்கலாம்.

போன கரன்ட் வரும்போதும் ஒரு கண்டம். சில பம்ப் நின்னா மறுபடி சுத்தாது. உள்ளே சுண்ணாம்பு படிஞ்சு விசிறி இறுகிப் போயிருக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை கழட்டி வினிகர்ல ஊற வெச்சுக் கழுவுங்க. வாங்கின அன்னிக்கே தண்ணிக்குள்ள வெச்சுப் பத்து தடவை ஆஃப்-ஆன் பண்ணிப் பாருங்க. பத்துல ஒண்ணு தவறினாலும் அந்தப் பம்ப் நமக்கு வேண்டாம்.

ரெண்டு எச்சரிக்கை

ஒண்ணு: எடை. தண்ணி 760 கிலோ, கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தா ஒரு டன்னை நெருங்கும். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்குலதான் பொதுவா வடிவமைக்கிறாங்க. செம்மண்டலத்துல வாடகைக்கு எடுத்த மாடி ரூமுக்கு இது வேலைக்கு ஆகாது. தரைத்தளம்தான் சரி. மாடியிலதான் வேணும்னா சிவில் படிக்கிற நண்பனைக் கூப்பிடாம அவனோட புரொஃபசரைக் கூப்பிடுங்க. ஸ்விட்ச் போர்டுல ஈ.எல்.சி.பி. கட்டாயம். ஒயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறணும். அப்போதான் வழியற தண்ணி பிளக்குக்குள்ள போகாது.

ரெண்டு: சட்டம். நம்ம கடல் பவளத்தையும் கடல் குதிரையையும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் காக்குது. ராமேஸ்வரம் டூர் போனப்ப எடுத்ததுன்னு யாராவது பவளக் கல் கொடுத்தா, தொடாதீங்க. பீங்கான் கல்லோ, சுட்ட மண்ணோ வெச்சே நல்ல பாக்டீரியா வளரும். மீனையும் கடல்ல பிடிச்சதா வாங்காம, பண்ணையில பொரிச்ச கோமாளி மீனா கேளுங்க. அது தொட்டியிலேயே பிறந்தது. தொட்டி வாழ்க்கை அதுக்குப் பழக்கம்.

கடைக்குப் போற முன்னாடி பர்ஸுல வைக்க...

* கரன்ட் போனா இறங்குற தண்ணி, சம்ப்போட காலி இடத்தைவிடக் குறைவா?
* பைப் அடைச்சா ஏறுற தண்ணி, தொட்டியோட காலி இடத்தைவிடக் குறைவா?
* என் உயரத்துல என் அளவு தண்ணி தருதான்னு கிராஃப் பார்த்தேனா?
* எத்தனை வாட்ஸ்? பேட்டரியில எத்தனை மணி நேரம்?
* நான் இல்லாத அஞ்சு நாள், தண்ணி யார் ஊத்துவாங்க?

அஞ்சுக்கும் பதில் கிடைச்சதும் தொட்டியை நிறுத்தி, வெறும் தண்ணி ஊத்தி, பம்ப்பை ஓட விடுங்க. நண்பர்கள் எல்லாரையும் சுத்தி நிக்க வெச்சு, ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. தண்ணி இறங்கி, சம்ப்புல ஏறி, விளிம்புக்குக் கீழே நிக்குதான்னு பாருங்க. நின்னுச்சா? அப்புறமா உப்பு போடுங்க. நாலஞ்சு வாரம் தண்ணி பழகட்டும். அதுக்கப்புறம் போய் மீன் வாங்குங்க!